பி.கே.யூ. குழந்தை: ஊருக்குச் சொல்லிவிடுவதா, மறைத்து வளர்ப்பதா?

கோபி_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கிறோம். மகனுக்கு இப்போது ஐந்தாவது மாதம். கோவையில் பிறந்தான். பிறந்த சில நாளிலேயே குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அதில் பினைல்அலனின் (புரத உணவில் இருக்கும் ஓர் அமினோ அமிலம், இவன் உடம்பால் அதைச் சிதைக்க முடியாது) மிக அதிகம் என்று வந்து, மறுபடி எடுத்துப் பார்த்துப் பினைல்கீட்டோனூரியா, அதாவது பி.கே.யூ. என்று உறுதி செய்தார்கள். உடனே அதற்கென்று இருக்கும் தனிப் பவுடர் ஆரம்பித்தாயிற்று. அளவு பார்த்துத் தாய்ப்பாலும் கொடுக்கிறேன். ரத்த அளவு கட்டுக்குள் இருக்கிறது. பையன் சிரிக்கிறான், குப்புற விழுகிறான், எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது.

என் குழப்பம் வேறு. அடுத்த மாதம் குலதெய்வம் கோயிலில் சோறூட்ட அத்தை நாள் பார்த்துவிட்டார். பால் சோறு. அவருக்கு விஷயம் தெரியும், ஆனாலும் "ஒரு வாய் சாமி சோறு ஒண்ணும் பண்ணாது" என்கிறார். மாமா, "வெளியே மூச்சு விடாதீங்க, நாளைக்குப் பொண்ணு கொடுக்க மாட்டாங்க" என்கிறார். என் கணவர் எனக்குத் தாய்மாமன் மகன். அதையும் சேர்த்து இழுத்துப் பேசுவார்கள் என்று எனக்கே பயம்தான்.

இப்படிக் கட்டுப்பாட்டோடு வளர்ந்து பெரியவர்கள் ஆனவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? உங்கள் வீட்டில் ஊருக்குச் சொன்னார்களா, மறைத்தார்களா? எது நல்லது?

ஈரோடு_வாசு எழுதியது:

இந்த நோய் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். பதில் சொல்லத் தெரியவில்லை, இழை மேலே இருக்கட்டும் என்று எழுதுகிறேன். தெரிந்தவர்கள் வருவார்கள்.

காங்கேயத்துக்காரி எழுதியது:

அக்கா, நான் இருக்கிறேன். எனக்கு 27 வயது, பி.கே.யூ.வோடு வளர்ந்தவள், இப்போது கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். என் பதில்: சொல்லிவிடுங்கள். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதை என் அண்ணனிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எனக்கு நான்கு வயது மூத்தவர் அண்ணன். அவர் பிறந்தபோது எங்கள் பக்கம் யாரும் குதிகாலில் குத்திப் பார்த்ததில்லை. நல்ல சிவப்பு, முடி செம்பட்டை. வீட்டில் வேறு யாருக்கும் இல்லாத நிறம். பார்க்க வந்த ஒறம்பரை எல்லாம் திருஷ்டி கழிக்கச் சொன்னார்களாம். பினைல்அலனினை டைரோசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் ஆக்கும் நொதி வேலை செய்யாததால், தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் மெலனின் சரியாக உருவாகவில்லை. அதுதான் அந்த நிறம். யாருக்குத் தெரியும்? நடக்கத் தாமதமானது, பேச்சு வரவில்லை, அப்புறம் வலிப்பு. மூன்று வயதுக்கு மேல் வேலூரில்தான் பெயர் தெரிந்தது. அதற்குப் பிறகு உணவை மாற்றியதில் வலிப்பு குறைந்தது, கோபம் குறைந்தது. போன மூளை வளர்ச்சி திரும்பவில்லை. இன்றைக்கும் அம்மா கூடத்தான் இருக்கிறார்.

அவரால்தான் எனக்குப் பிறந்தவுடன் பரிசோதனை நடந்தது. அதே அப்பா அம்மா, அதே சாளை, அதே நோய். நான் பட்டம் வாங்கி வேலைக்குப் போகிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் தட்டில் வைத்த சோறுதான். இதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு மறைப்பது என்ற யோசனையே வராது.

எங்கள் அப்பாரு ஊரில் கொஞ்சம் செல்வாக்கான மனிதர். அவரே வீடு வீடாகப் போய்ச் சொன்னார்: "எம் பேத்திக்குப் பருப்பு, பால், முட்டை, கறி, கடலை எதுவும் ஆகாது. கொடுக்கறவங்க எனக்குக் கெடுதல் பண்றவங்க." அவ்வளவுதான். நோய்க்குப் பெயர் சொல்லவில்லை, மரபணு என்று பாடம் நடத்தவில்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு வாழைப்பழமோ, நாட்டுச் சர்க்கரை உருண்டையோ, இளநீரோ தனியாக வைத்திருப்பார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு வந்த குழந்தைக்கு வாயில் எதுவும் போடாமல் யாராவது அனுப்புவார்களா? சொல்லவில்லை என்றால் அன்பால்தான் கெடுதல் வரும்.

சாப்பாடு விஷயம். உங்கள் மகனுக்குப் பருப்பு மட்டும் இல்லை, சோறே அளந்துதான் போட வேண்டும் என்பது போகப் போகத் தெரியும். பச்சரிசி 100 கிராமில் ஏறக்குறைய 7 கிராம் புரதம். எனக்கு வளர்ந்த பிறகும் ஒரு நாளைக்கு உணவிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடிய புரதமே 6 கிராம்தான். மிச்சப் புரதம் எல்லாம் பினைல்அலனின் இல்லாத அந்தப் பவுடரிலிருந்து. பழைய புண்ணாக்குத் தண்ணீர் மாதிரி வாடை அடிக்கும். மூன்று வேளையும் குடித்தே ஆக வேண்டும். சின்ன வயதிலேயே பழகிவிட்டால் அவனுக்கு அது பெரிதாகத் தெரியாது. எனக்கு இப்போதும் அது இல்லாமல் காலை விடியாது.

எங்கள் அம்மாயி கண்டுபிடித்த ஒன்றைச் சொல்கிறேன். நம் வீடுகளில் அரிசிம்பருப்பு சாதம் இல்லாத வாரம் உண்டா? அந்த வாசம் வந்தால் நான் அடுப்படியிலேயே நிற்பேனாம். அம்மாயி மாவு ஜவ்வரிசியைக் கொஞ்ச நேரம் ஊற வைத்து வடித்து வைப்பார். தேங்காய் எண்ணெயில் கடுகு, சீரகம், வரமிளகாய், நிறையச் சின்ன வெங்காயம், தட்டிய பூண்டு, கறிவேப்பிலை, மஞ்சள்தூள், தக்காளி எல்லாம் வதக்கி, அதில் ஜவ்வரிசியையும் தராசில் நிறுத்த ஒரு பிடி அரிசியையும் போட்டுக் குழைய விடுவார். இறக்கும்போது மேலே நெய். நெய்யில் புரதம் இல்லாத மாதிரிதான். வீட்டில் எல்லோரும் அரிசிம்பருப்பு சாப்பிடும் அன்றைக்கு எனக்கு அது. பார்க்கவும் அதே நிறம், வாசமும் அதே. பக்கத்தில் உட்கார்ந்து நானும் எல்லோர் மாதிரி பிசைந்து சாப்பிட்டேன்.

குச்சிக்கிழங்கு, ஜவ்வரிசி, கூவைக்கிழங்கு மாவு, சௌசௌ, பூசணி, சுரைக்காய், கத்திரி, வெங்காயம், பழங்கள், நாட்டுச் சர்க்கரை, எண்ணெய். இதை வைத்தே ஒரு பிள்ளையை நன்றாக வளர்த்துவிடலாம். வெளிநாட்டுக் குறைபுரத ரொட்டியும் பாஸ்தாவும் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் அழ வேண்டாம்.

இயற்கைவழி_பல்லடம் எழுதியது:

கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் பிஞ்சுக் குழந்தைக்கு டப்பா பவுடர் கெமிக்கல் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்தப் பிரச்சினை எல்லாம் கலப்பின மாட்டுப் பால் வந்த பிறகு வந்தவை. நம் காங்கேயம் நாட்டு மாட்டுப் பால் ஏ2 பால், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினால் உடம்பு ஏற்றுக்கொள்ளும். நான் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறேன்.

உணவியல்_கோவை எழுதியது:

பல்லடம் நண்பரே, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இந்த யோசனையை இந்தக் குழந்தை விஷயத்தில் யாரும் கேட்கக் கூடாது என்பதால் நேராகவே சொல்கிறேன். நான் வளர்சிதைமாற்றக் குறைபாடு உள்ள குழந்தைகளைப் பார்க்கும் உணவியல் நிபுணர்.

ஏ1, ஏ2 என்பது பாலில் உள்ள பீட்டா கேசின் என்ற புரதத்தில் 67-ஆவது இடத்தில் இருக்கும் ஒரே ஒரு அமினோ அமிலத்தைப் பொறுத்தது. ஏ2-வில் அங்கே புரோலின், ஏ1-இல் ஹிஸ்டிடின். பினைல்அலனின் இரண்டிலும் அப்படியேதான் இருக்கிறது. காங்கேயம் மாடு என்றாலும் ஜெர்சி என்றாலும் 100 மில்லி பாலில் 3 கிராமுக்கு மேல் புரதம். பழக்கினால் ஏற்றுக்கொள்ள இது அலர்ஜி இல்லை. நொதி இல்லை என்றால் இல்லைதான். பழக்கப் பழக்க ரத்தத்தில் சேரும், மூளைக்குப் போகும்.

கோபி அம்மாவுக்கு: தாய்ப்பாலில் 100 மில்லிக்கு 1 கிராம் அளவுதான் புரதம். அதனால்தான் பவுடரோடு சேர்த்துத் தாய்ப்பாலையும் தொடர முடிகிறது. நிறுத்திவிடாதீர்கள்.

கணக்கு இப்படி: தானியம், பருப்பு, பால் வகைகளில் 1 கிராம் புரதத்துக்கு ஏறக்குறைய 50 மில்லிகிராம் பினைல்அலனின். இதை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு முட்டை 6 பங்கு. ஒரு நடுத்தர இட்லி சுமார் 2 பங்கு. துவரம்பருப்பு, கொள்ளு 100 கிராமில் 22 பங்கு, நிலக்கடலை 25. ஜவ்வரிசி 100 கிராமில் அரைப் பங்குகூட வராது. உங்கள் மகனுக்கு எத்தனை பங்கு என்பதை அவன் ரத்த அறிக்கையை வைத்து உங்கள் மருத்துவர் சொல்வார். குழந்தைக்குக் குழந்தை அது மாறும். ரத்தத்தில் பினைல்அலனினை ஒரு டெசிலிட்டருக்கு 2 முதல் 6 மில்லிகிராமுக்குள் வைத்திருப்பதுதான் குறி. பூஜ்ஜியத்துக்குப் போனாலும் ஆபத்து, வளர்ச்சிக்கு அதுவும் கொஞ்சம் தேவை.

பால் சோறு பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு வாயால் மூளை கெட்டுவிடாது. அத்தை சொல்வதில் அந்த அளவு சரிதான். ஆனால் அன்றைக்கு ஒரு வாய் கொடுத்து ஒன்றும் ஆகவில்லை என்று நாலு பேர் கண்ணால் பார்த்துவிட்டால், அடுத்த நோம்பிக்கு உங்கள் பேச்சு எடுபடாது. இந்த நோயில் சாப்பிட்டவுடன் வாந்தி வராது, தடிப்பு வராது, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதுவும் வராது. மாதக்கணக்கில் அளவு ஏறி இருந்தால்தான் சேதம் தெரியும், அப்போது திருத்த முடியாது. அதனால் முதல் வாயிலேயே வேறு ஒன்றை வைத்துவிடுங்கள். ஜவ்வரிசியை மாவாக அரைத்துத் தண்ணீரில் கஞ்சி காய்ச்சி, சிட்டிகை நாட்டுச் சர்க்கரை, ஒரு சொட்டு நெய். சாமிக்குப் படைத்துவிட்டு அதையே ஊட்டலாம்.

சேலம்_தறிக்காரன் எழுதியது:

எல்லோரும் சொல்லச் சொல்கிறீர்கள். மறுபக்கம் ஒருவன் பேச வேண்டும் என்று எழுதுகிறேன்.

எனக்கு ஹோமோசிஸ்டினூரியா, இதே மாதிரிப் பிறவிக் குறைபாடு. மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவாக உள்ள உணவு, கூடவே மாத்திரைகள். சிறு வயதில் கண்ணில் லென்ஸ் இடம் நகர்ந்து ஆபரேஷன் செய்தார்கள். தடித்த கண்ணாடி. ரத்தம் உறையும் ஆபத்து இருப்பதால் எதிலும் கவனம். எங்கள் வீட்டில் எதையும் மறைக்கவில்லை, ஊருக்கே தெரியும். விளைவு என்ன தெரியுமா? எனக்கு வந்ததை விட்டுவிடுங்கள். என் தங்கைக்கு வந்த வரன் ஒவ்வொன்றும் "அந்த வியாதி வீடா" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனது. அவளுக்கு நோய் இல்லை. படித்த பெண். அம்மா கோயில் கோயிலாக ஏறி இறங்கினார். கடைசியில் வெளியூரில் நல்ல இடமாகவே அமைந்தது, ஆனால் அந்த வருடங்களில் அவள் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

காங்கேயம் சகோதரிக்கு ஊரை அதட்ட ஓர் அப்பாரு இருந்தார். எல்லா வீட்டிலும் அப்படி இருக்க மாட்டார்கள். செல்வாக்கு இல்லாத வீட்டு விஷயம் டீக்கடைப் பேச்சாகிவிடும். என் கருத்து: குழந்தைக்குச் சோறு போடுகிறவர்களுக்கு மட்டும் சொல்லுங்கள். பாட்டி, பள்ளி ஆசிரியர், சத்துணவு அம்மா, பக்கத்து வீடு. மற்றவர்களிடம் "வயிறு சேராது" என்றால் போதும். குழந்தையின் மருத்துவ விவரம் குழந்தைக்குச் சொந்தம். அவன் வளர்ந்து யாரிடம் சொல்வது என்று அவனே முடிவு செய்யட்டும்.

ராசிபுரம்_தாய் எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்வது மனதைத் தொட்டது. ஆனால் என் மகள் விஷயத்தில் "வயிறு சேராது" என்ற வார்த்தை போதாது.

அவளுக்கு எம்.எஸ்.யூ.டி., அதாவது மேப்பிள் சிரப் யூரின் நோய். லூசின், ஐசோலூசின், வேலின் என்ற மூன்று அமினோ அமிலங்களையும் உடம்பு சிதைக்காது. பிறந்த ஐந்தாம் நாள் பால் குடிக்கவில்லை, துவண்டு கிடந்தாள். முதலில் காட்டிய இடத்தில் கிருமித் தொற்று என்றே வைத்தியம் பார்த்தார்கள். என் மாமியார்தான் துணியை முகர்ந்து பார்த்து, "மூத்திரத்துல ஆலைக் கொட்டாயில பாகு காயற வாசம் வருதே" என்றார். அதை நான் வேறு ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டரிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. உடனே ரத்தம் எடுத்து அனுப்பினார். அந்த நோயின் அடையாளமே சர்க்கரைப் பாகு வாடை என்று அப்புறம்தான் தெரிந்தது.

இந்த நோயில் ஒரு காய்ச்சல், ஒரு வயிற்றுப்போக்கு போதும். சாப்பிடாமல் இருந்தால் உடம்பு தன் தசையையே கரைக்கும், அதிலிருந்து லூசின் ஏறும், சில மணி நேரத்தில் மயக்கம் வரை போகும். புரதத்தை நிறுத்தி, குளுக்கோஸ் ஏற்றி, சிறப்பு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இது எல்லா ஆஸ்பத்திரிக்கும் தெரிந்திருக்காது. அதனால் அவள் பையில் எப்போதும் டாக்டர் எழுதிய அவசரக் கடிதம் இருக்கும். அங்கன்வாடியில் ஒரு பிரதி, என் தம்பி வீட்டில் ஒரு பிரதி, எங்கள் தெரு ஆட்டோக்காரரிடம் ஒரு பிரதி. ஊருக்குத் தெரியாமல் இதை எப்படிச் செய்வது?

நாமக்கல் மாவட்டத்தில் முட்டைக்குப் பஞ்சமா? அவள் ஒரு முட்டை சாப்பிட்டதில்லை. ஆனால் பக்கத்திலேயே சேகோ ஆலைகள், வீட்டில் எப்போதும் ஜவ்வரிசி. எங்கள் பக்கம் விளையும் கிழங்குதான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-இல் வந்தது. பி.கே.யூ., எம்.எஸ்.யூ.டி. போன்ற தனி உணவுப் பவுடர் தேவைப்படும் நோய்கள் அதில் இரண்டாம் பிரிவில் இருக்கின்றன. 2022-இல் உதவித்தொகை உச்சவரம்பை 50 லட்சம் ரூபாய் வரை உயர்த்தினார்கள். அதற்கென்று அறிவித்திருக்கும் சிறப்பு மையங்கள் வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். எங்களுக்குப் பெங்களூர் மையம் வழி காட்டினார்கள். அலைச்சல்தான், ஆனால் விடாதீர்கள்.

டாக்டர் ஈரல் மாற்று சிகிச்சையும் பேசியிருக்கிறார். எம்.எஸ்.யூ.டி.யில் அதற்குப் பிறகு சாதாரணச் சாப்பாடே சாப்பிடலாமாம். இவள் உடம்பிலிருந்து எடுக்கும் ஈரலைக்கூட வேறொரு நோயாளிக்கு வைக்க முடியுமாம், அந்த நொதி அவருடைய மற்ற உறுப்புகளில் இருப்பதால். நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

திருப்பூர்_அப்பா எழுதியது:

இந்த இழையைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. தயவுசெய்து இங்கே ஒருவர் எழுதிய உணவுப் பட்டியலைப் பார்த்து உங்கள் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

என் மகனுக்குக் கிளைக்கோஜன் சேமிப்புக் கோளாறு, முதல் வகை. காங்கேயம் தங்கை சாப்பிடும் பழம், நாட்டுச் சர்க்கரை எல்லாம் இவனுக்கு ஆகாது. பாலும் ஆகாது, அதில் உள்ள சர்க்கரைக்காக. ஆனால் அவருக்கு ஆகாத பருப்பும் முட்டையும் இவன் சாப்பிடலாம். பொங்கலுக்குக் கரும்பு கேட்டு அழுவான். அதைச் சமாளிப்பது ஒரு பாடு.

இவன் பசியோடு இருக்கக் கூடாது. ஈரலில் சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்துக்கு விட முடியாததால், சாப்பாட்டு இடைவெளி கூடினால் ரத்தச் சர்க்கரை கீழே விழுந்து வலிப்பு வரும். இரவில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை வேகவைக்காத மக்காச்சோள ஸ்டார்ச்சைப் பச்சைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கிறோம். அது மெதுவாகச் செரித்து அடுத்த வேளை வரை தாங்கும். சுடுதண்ணீரில் கலக்கினால் சீக்கிரம் செரித்துவிடும், பயனில்லை. கடையில் மக்காச்சோள மாவு என்று மஞ்சளாகக் கொடுப்பது வேறு, வெள்ளையாக இருக்கும் ஸ்டார்ச் வேறு, பார்த்து வாங்க வேண்டும். நானும் மனைவியும் பனியன் கம்பெனியில் ஷிப்ட் மாற்றி மாற்றி வாங்கியிருக்கிறோம். வீட்டில் ஒருவர் எப்போதும் விழித்திருப்போம்.

சொல்வதா மறைப்பதா என்று கேட்டால், எங்கள் காம்பவுண்டில் ஆறு வீட்டுக்கும் தெரியும். ஒருநாள் இரண்டு பேருக்கும் அலாரம் கேட்காமல் போனால் கதவைத் தட்ட பக்கத்து வீட்டு அக்கா இருக்கிறார்.

பொள்ளாச்சி_ஆசிரியை எழுதியது:

தொடக்கப் பள்ளி ஆசிரியையாக ஒன்று. பள்ளியில் காலை உணவு உண்டு, மதியம் சத்துணவும் முட்டையும் உண்டு. இவற்றை வேண்டாம் என்று சொல்லும் குழந்தையிடம் "அடம் பிடிக்காதே, சாப்பிடு" என்று வற்புறுத்துவதுதான் நல்ல ஆசிரியர் செய்யும் முதல் வேலை. அதனால் எழுத்தில் கொடுங்கள். தலைமை ஆசிரியர், வகுப்பாசிரியர், சத்துணவு அமைப்பாளர் மூவருக்கும், மருத்துவர் கையொப்பத்தோடு. ஆசிரியர் மாறும் ஒவ்வொரு வருடமும் மறுபடி. பிறந்தநாள் சாக்லேட்டுக்கு மாற்றாக வகுப்பிலேயே ஒரு டப்பா வைத்துவிட்டால், எல்லோருக்கும் கொடுக்கும்போது அவனுக்கும் அதிலிருந்து ஒன்று கிடைக்கும்.

காங்கேயத்துக்காரி எழுதியது:

சேலம் அண்ணா, உங்கள் தங்கை விஷயம் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. அப்பாரு மாதிரி ஒருவர் எல்லா வீட்டிலும் இருக்க மாட்டார் என்பதும் நிஜம். ஆனாலும் சோறு போடுகிறவர்களுக்கு மட்டும் என்று கோடு போடுவது நம் பக்கம் நடக்காது. காதுகுத்து, கெடா வெட்டு, எழவு வீடு, மாரியம்மன் நோம்பி, எங்கே போனாலும் யாராவது ஒருவர் குழந்தையைத் தூக்கி வைத்து ஊட்டுவார். யார் சோறு போடப் போகிறார்கள் என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தபோது, வழியில் கொண்டைக்கடலைச் சுண்டலை முன்பின் தெரியாத ஒரு பாட்டி என் வாய்வரை கொண்டு வந்துவிட்டார். கூட வந்த பக்கத்து வீட்டுப் பையன்தான் தடுத்தான். நடைப்பயணத்தில் விரதம் என்று பட்டினி கிடப்பதும் எனக்குக் கூடாது, உடம்பு தசையைக் கரைத்தால் அளவு ஏறிவிடும். அதுவும் அவனுக்குத் தெரியும், பழம் வாங்கித் தந்துகொண்டே வந்தான்.

திருமணப் பேச்சு பற்றி. என் வீட்டில் ஜாதகம் கொடுக்கும்போதே சொன்னார்கள். சில இடம் விலகியது. எனக்கு அது வருத்தமாக இல்லை, நிச்சயத்துக்குப் பிறகு விலகியிருந்தால்தான் வருத்தம். கட்டிக்கொண்டவர் சொந்தம் இல்லை, அவரும் பரிசோதனை செய்துகொண்டார். பி.கே.யூ. உள்ள பெண்ணுக்கு இது மறைக்கவே முடியாத விஷயம். கருத்தரிக்கும் முன்பிருந்தே அளவைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் குழந்தைக்கு இந்த நோய் இல்லாமலேயே தலை சிறுத்து, இதயக் குறையோடு பிறக்கலாம். நான் இப்போது அந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறேன். வாராவாரம் விரலில் குத்தி, வட்டம் போட்ட காகிதத்தில் சொட்டு வைத்து, காயவைத்துக் கூரியரில் அனுப்புகிறேன். காகிதத்தில் ரத்தச் சொட்டு வைத்துப் பார்க்கும் இந்த முறையை 1960-களின் தொடக்கத்தில் கொண்டு வந்தவர் ராபர்ட் கத்ரி. அவர் உறவில் ஒரு குழந்தைக்கே பி.கே.யூ. இருந்தது. மாமியார் வீட்டுக்குத் தெரியாமல் இதைச் செய்ய முடியுமா?

கோபி அக்கா, சொந்தத்தில் கட்டியதை இழுப்பார்கள் என்றீர்களே. இழுக்கத்தான் செய்வார்கள். ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலத்தில், கட்டுவதில்லை என்பதால் நமக்குள் ரத்தக் கலப்பு இல்லை என்று பெரியவர்கள் நம்புகிறார்கள். ஆனால் அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் மரபணுவில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாக வைத்திருப்பவர்கள். அதனால் ஒரே பழுது இரண்டு பேரிடமும் இருக்க வாய்ப்புக் கூடுகிறது. இரண்டு பேரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒன்று. என் அப்பா அம்மா சொந்தமே இல்லை, இருந்தும் எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைக்கும் வந்தது. இதில் உங்கள் வம்சம், அவர் வம்சம் என்று யாரும் யாரையும் கைகாட்ட முடியாது, இரண்டு பக்கமும் சமம். அடுத்த குழந்தைக்கு முன்னால் மரபணு ஆலோசனைக்குப் போங்கள். உங்கள் இருவரின் மரபணு மாற்றமும் தெரிந்திருந்தால் கர்ப்பத்தின் 11-ஆவது வாரத்திலிருந்தே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று. 1934-இல் நார்வேயில் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் இந்த நோயைக் கண்டுபிடித்ததே, தன் இரண்டு குழந்தைகளிடம் வரும் வாடை எதனால் என்று ஒரு தாய் விடாமல் டாக்டர் டாக்டராகக் கேட்டு அலைந்ததால்தான். அந்தத் தாய் வெட்கப்பட்டு வாயை மூடியிருந்தால் நானும் உங்கள் மகனும் என்ன ஆகியிருப்போம்?

சேலம்_தறிக்காரன் எழுதியது:

நிச்சயத்துக்கு முன் சொல்வதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை, அதை மறைப்பது துரோகம். ஊர் முழுக்கச் சொல்வதில்தான் இன்னும் தயக்கம். ஆண்குழந்தை விஷயத்தில் ஊர் சீக்கிரம் மறந்துவிடும், தங்கை தமக்கை இருக்கும் வீட்டில் அவர்களையும் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

கோபி_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றிங்க. நேற்று ராத்திரி என் கணவரோடு உட்கார்ந்து முழுவதையும் படித்தோம். காங்கேயத்து அம்மிணி அண்ணனைப் பற்றி எழுதியதை அவர் அத்தைக்கு வாசித்துக் காட்டினார். அத்தை ஒன்றும் பேசவில்லை. காலையில், "மாவு ஜவ்வரிசியா, நைலான் ஜவ்வரிசியா, எது வாங்கணும்?" என்று கேட்டார். மாமாவுக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. கோயிலுக்கு வரும் பங்காளிகளிடம் மட்டும் முதலில் சொல்லலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அதை என் கணவரே சொல்வதாக ஏற்றுக்கொண்டார்.

இரண்டு சந்தேகம். தராசு எப்படிப்பட்டது வாங்குவது? அடுத்த வாரம் தடுப்பூசி இருக்கிறது, போடலாமா? காய்ச்சல் வந்தால்?

காங்கேயத்துக்காரி எழுதியது:

மாவு ஜவ்வரிசி வாங்கச் சொல்லுங்கள், நைலான் குழையாது. தராசு 1 கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். நகைக்கடைத் தராசு எல்லாம் வேண்டாம். பேட்டரி மட்டும் உபரியாக வைத்திருங்கள், சாப்பாட்டு நேரத்தில்தான் தீரும்.

உணவியல்_கோவை எழுதியது:

தடுப்பூசிகள் எல்லாம் அட்டவணைப்படி போட வேண்டும், எதையும் தள்ளிப் போடாதீர்கள். காய்ச்சல் வந்தால் பவுடரை நிறுத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். அந்த இரண்டு மூன்று நாள் பவுடரும் தாய்ப்பாலும் எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சல் மருந்து சொட்டு மருந்தாகவோ சிரப்பாகவோ வாங்கும்போது அட்டையில் அஸ்பார்டேம் இருக்கிறதா என்று கேளுங்கள். அது உடம்பில் போய்ப் பினைல்அலனினாக மாறும். சர்க்கரை இல்லாத சிரப், மென்று தின்னும் மாத்திரை, டயட் குளிர்பானம், சர்க்கரைக்குப் பதில் போடும் வில்லைகள், இவற்றில்தான் பெரும்பாலும் இருக்கும். மருந்துக் கடையில் அஸ்பார்டேம் இல்லாத கம்பெனி எது என்று கேட்டு, பெயரை ஒரு சீட்டில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். ராத்திரி நேரத்தில் வாங்க ஓடுகிறவர் யாராக இருந்தாலும் உதவும்.